நம் பிள்ளைகளுக்குத் தமிழில் இடமுண்டா?

அவைத் தலைவர் அவர்களுக்கும், பெற்றோர்களுக்கும், தமிழாசிரிய நண்பர்களுக்கும், சக்கர நாற்காலிகளில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழர்களுக்கும் என் அன்பான வணக்கம்.

உடற்குறையுள்ளோரின் கல்வியையும் உரிமையையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். அரசாங்கம் என்ன செய்தது, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்பதையே இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். அதை நானும் சுருக்கமாகச் சொல்வேன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்குமேல் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் என் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. சிறப்புத் தேவையுடைய ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் இன்று பள்ளியில் இடமுண்டு. நம்முடைய கோயிலிலும் மேடையிலும் வகுப்பிலும், எல்லாவற்றுக்கும் மேலாக நம்முடைய மொழியிலும், அந்தப் பிள்ளைக்கு இடம் வைத்திருக்கிறோமா?

பள்ளியில் அந்த இடம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 இல் நடப்புக்கு வந்தபோது, ஆறு வயதைக் கடந்த பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்புவது சிங்கப்பூர்ப் பெற்றோரின் சட்டக் கடமையாயிற்று. ஆனால் மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள். அண்டை வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் உண்டு. இந்தப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்தாலும் கேட்கச் சட்டம் இல்லை என்ற நிலை பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 2019 இல் தொடக்கநிலை ஒன்றில் சேரவேண்டிய பிள்ளைகள் தொடங்கி அந்த விலக்கு நீக்கப்பட்டது. இன்று, சிறப்புக் கல்வித் தேவையுடைய மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் வழக்கமான பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். கூடுதல் ஆதரவு தேவைப்படுவோர், கல்வி அமைச்சின் நிதியாதரவோடு சமூக சேவை அமைப்புகள் நடத்தும் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

அந்த அமைப்புகளைப் பற்றி நன்றியோடு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பார்வையற்றோருக்கான சங்கம் 1951 இலும், காது கேளாதோர் சங்கம் 1955 இலும், அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான மைண்ட்ஸ் அமைப்பு 1962 இலும் தோன்றின. அரசாங்கம் வீடும் வேலையும் தருவதிலேயே மூழ்கியிருந்த காலத்தில் இப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை இவைதாம். ஆயினும் அந்தக் காலம் அறத்தின் பெயரால் இயங்கிய காலம். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர். பெறுபவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

அப்படிக் கேட்கவேண்டும் என்ற குரல் உலக அளவில் ஒலித்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1980 இல் கனடாவின் வின்னிபெக் நகரில் மறுவாழ்வுத் துறை வல்லுநர்களின் உலக மாநாடு நடந்தது. அந்த அமைப்பில் தங்களுக்குச் சமமான இடம் வேண்டும் என்று உடற்குறையுள்ளோர் கோரினார்கள்; கோரிக்கை மறுக்கப்பட்டது. அவர்கள் தமக்கென ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் பேரவை 1981 இல் கூடிய நகரம் சிங்கப்பூர். அதன் முதல் தலைவர், பார்வையிழந்த சிங்கப்பூரரான ரான் சந்திரன்-டட்லி. பின்னர் உள்ளூரிலும் உடற்குறையுள்ளோர் சங்கம் உருவாக அவரே முன்னின்றார். ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் உடற்குறையுள்ளோர் உரிமை ஒப்பந்தம் 2006 இல் ஏற்கப்பட்டது. சிங்கப்பூர் 2012 இல் கையொப்பமிட்டு 2013 இல் உறுதிப்படுத்தியது. நம் தமிழ் மாணவர்களுக்கு ஊர்ப் பெரியவர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது சந்திரன்-டட்லியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஒருவரைக் கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ரயில் போக்குவரத்தே சான்று. 1987 இல் எம்ஆர்டி ஓடத் தொடங்கியபோது அதன் நிலையங்கள் சக்கர நாற்காலியில் செல்வோரைக் கருத்தில் கொண்டு கட்டப்படவில்லை. பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களிலேயே சுவரை இடித்து மின்தூக்கி பொருத்தவேண்டி வந்தது. சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகள் 2006 இல் அறிமுகமாயின. பொதுப் பேருந்துகள் அனைத்தும் அவ்வாறு மாற 2020 இறுதி வரை ஆனது. இன்று அந்த மின்தூக்கிகளில் தள்ளுவண்டியோடு தாய்மார்களும், முழங்கால் வலியோடு முதியவர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

இனி நம் பேட்டைக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையோரக் கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கிறது. 1822 இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் பிறந்த வழக்கம் அது. மழைக்கும் வெயிலுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் கடைக்குக் கடை தரை உயரம் மாறும். ஒரு கடை முன்னால் பளிங்குத் தரை, அடுத்த கடைக்கு ஒரு சாண் இறங்கவேண்டும், அதற்கடுத்த கடைக்கு இரண்டு படி ஏறவேண்டும். இடையில் பூக்கடைக்காரர் மாலை தொடுக்கும் மேசையும், வெங்காய மூட்டையும், கைப்பேசி அட்டை விற்பவரின் முக்காலியும். சக்கர நாற்காலியில் வரும் தோழர் ஒருவர் மல்லிகைப் பூ வாங்க அந்த வழியே போக முடியாமல் சாலையில் இறங்கி, வாகனங்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போனதை அண்மையில் பார்த்தேன். பாதுகாக்கப்பட்ட வட்டாரம் என்பதால் கட்டடத்தை மாற்றுவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூட்டையை உள்ளே நகர்த்தவும், கடை வாசலில் எடுத்து மடக்கக்கூடிய ஒரு சரிவுப் பலகை வைக்கவும் எந்த அமைச்சின் அனுமதி வேண்டும்?

கோயில்களையும் சொல்லவேண்டும். அன்னதான வரிசையில் காத்திருக்க முடியாமல் கத்தும் ஒரு பிள்ளையைப் பார்த்து, பின்னால் நிற்பவர் அந்தத் தாயிடம் பரிகாரம் சொல்கிறார். நாதஸ்வரமும் தவிலும் அருகில் முழங்கும்போது ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுவது அடம் அல்ல. அந்த ஒலி அப்பிள்ளைக்கு உடல் வலியாகவே இருக்கலாம். நாளடைவில் அந்தத் தாய் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். திருமணத்துக்குத் தகப்பன் மட்டும் வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறார். அந்தக் குடும்பம் மெல்ல நம்மிடமிருந்து காணாமல் போகிறது. அவர்களுக்கு நேரமில்லை போலும் என்று நாம் பேசிக்கொள்கிறோம். கூட்டம் குறைவான வேளையில் மேளமில்லாமல் ஒரு தரிசன நேரம் ஒதுக்குங்கள் என்று கோயில் நிர்வாகக் குழுவினரை நான் கேட்டுக்கொள்கிறேன். ஆகமத்துக்கு முரணான எதையும் நான் கேட்கவில்லை.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்லவந்த மொழிக்கு வருகிறேன்.

பேச்சு தாமதமான பிள்ளையை, அல்லது ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோருக்கு, உறவினரோ அண்டை வீட்டாரோ, சில நேரங்களில் விவரம் தெரிந்தவர்களோகூடச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்பதே அது. பெற்றோர் நல்லெண்ணத்தோடுதான் தமிழை நிறுத்துகிறார்கள். ஆனால் ஆய்வுகள் அவ்வாறு சொல்லவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் இருமொழிச் சூழலில் வளர்வோரையும் ஒரே மொழியில் வளர்வோரையும் ஒப்பிட்டுக் கனடாவில் செய்த ஆய்வு 2005 இல் வெளியானது. இருமொழிப் பிள்ளைகளின் ஆங்கிலம் அதனால் பின்தங்கிவிடவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பின்னர் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளும் அதே திசையில்தான் போகின்றன. பேச்சுத் தாமதத்துக்குத் தமிழ் காரணமல்ல. தமிழை நிறுத்துவது அதற்கு மருந்துமல்ல.

நிறுத்தினால் இழப்பது என்ன என்பதை ஈசூன் வட்டாரத்தில் நான் அறிந்த ஒரு குடும்பத்தில் கண்கூடாகக் கண்டேன். தாயும் தந்தையும் வேலைக்குப் போகிறார்கள். ஏழு வயது மகன் சிறப்புக் கல்விப் பள்ளியிலிருந்து வந்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டியிடம்தான் மாலைவரை இருக்கிறான். பேச்சு வராத அவனுக்குப் பட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். வேண்டியதைக் காட்டும் படத்தை எடுத்து நீட்டினால் அதுவே பேச்சு. அட்டைகள் எல்லாம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் வரிசையாக ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலச் சொல்லோடு. பாட்டிக்கு அந்தச் சொற்களைப் படிக்கத் தெரியாது. எதைக் காட்டினால் என்ன செய்யவேண்டும் என்பது மருமகள் வீடு திரும்பும்வரை அவருக்குப் புதிர். அவரே ஒரு நாள் என்னிடம், "இதுக்கெல்லாம் அடியில தமிழ்ல எழுதிக் குடுங்க வாத்தியாரே" என்றார். எழுத்துத் தமிழில் எழுதவில்லை. அவர் வாயில் வரும் சொல்லாகவே, "வேணும்", "இன்னும்", "போதும்", "வலிக்குது" என்று எழுதி ஒட்டினோம். பையன் அட்டையை நீட்டும்போதெல்லாம் பாட்டி அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். சில வாரங்கள் கழித்து நான் போனபோது, தட்டில் மேலும் சோறு வைக்கப்போன பாட்டியின் கையைத் தடுத்து, "போதும்" அட்டையை அவன் எடுத்துக் கொடுத்தான். அவர் அடைந்த மகிழ்ச்சியை விவரிக்க என்னால் இயலாது. அந்தப் பிள்ளை இன்னும் பேசவில்லை. ஆனால் ஒரு நாளின் பெரும்பகுதி தன்னோடு இருக்கும் மனிதரிடம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. உரிமை என்று ஒப்பந்தங்களில் எழுதப்படுவது வீட்டுக்குள் வரும்போது இப்படித்தான் இருக்கும்.

பள்ளியில் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறும் வழி ஒன்று சிறப்புக் கல்வித் தேவையுடைய மாணவர்களுக்கு உண்டு. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே தேவை. வாசிப்புக் குறைபாட்டோடு 247 எழுத்துகளின் முன்னால் அமர்ந்து அழும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சுமையை இறக்கிவைத்த பெற்றோர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் விலக்குக் கேட்கும் முன்பு, கூடுதல் தேர்வு நேரம், பெரிய எழுத்துத் தாள் போன்ற ஏற்பாடுகளையும், மேல்தொடக்க நிலையில் உள்ள அடிப்படைத் தமிழையும் பற்றிப் பள்ளியிடம் கேளுங்கள். விலக்குப் பெற்ற பின்னும், எழுத்துத் தேர்வு போயிற்றே தவிரப் பேச்சுத் தமிழ் போகவேண்டியதில்லை. கதை கேட்கலாம், பாடலாம், பட்டிமன்றத்தில் பார்வையாளராக அமரலாம். தேர்வு எழுதாத பிள்ளைக்குத் தமிழ் மாத நிகழ்ச்சிகளில் என்ன வேலை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போட்டிகளாகவே அமைந்துவிட்ட நம் மொழி விழாக்களில், வெல்ல முடியாத பிள்ளைக்கு இடமே இல்லாமல் போய்விட்டது என்பது என் கருத்து. 2010 இல் இந்நாட்டு மக்களில் 3.3 விழுக்காட்டினரின் வீட்டுமொழியாக இருந்த தமிழ், 2020 கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடாகக் குறைந்திருக்கும்போது, பேச விரும்பும் ஒரு பிள்ளையையேனும் வெளியே நிறுத்த நமக்கு என்ன வசதி இருக்கிறது?

பார்வையற்றோருக்கு நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. தமிழுக்குப் பிரெய்ல் எழுத்து இருக்கிறது. கணினியில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பு மென்பொருள்களும் தமிழ் படிக்கின்றன. ஆனால் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்பும், படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழும் அவற்றுக்கு வெறும் கோடுகள். அழைப்பிதழைப் படமாக அனுப்பும்போது அதே செய்தியைத் தட்டச்சு செய்தும் அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை பார்க்கும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030 க்குள் பணியில் இருக்கவேண்டும் என்பது தேசியப் பெருந்திட்டத்தின் இலக்கு. இப்போது ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2025 சனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், நடப்புக்கு வந்ததும் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடை செய்யும். 25 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் விலக்கு உண்டு. நம் மளிகைக் கடைகள், நகைக்கடைகள், சாப்பாட்டுக் கடைகளில் எத்தனை அந்த விலக்குக்குள் அடங்கும் என்பதை இங்கிருக்கும் வணிகர்களே அறிவார்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். காய்கறி பொட்டலம் கட்டுவது, சரக்கு அடுக்கிக் கணக்குக் குறிப்பது போன்ற வேலைகளை ஒழுங்கு மாறாமல் செய்யும் இளையர்கள் சிறப்புக் கல்விப் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள்.

எனக்குப் பிறகு என் பிள்ளை என்ன ஆவான் என்ற கேள்வியைப் பெற்றோர் வாய்விட்டுக் கேட்பதில்லை. அது எப்போதும் அவர்கள் கண்ணில் இருக்கும். சிறப்புத் தேவையுடையோருக்கான அறநிதி நிறுவனம் ஒன்று 2008 முதல் இந்நாட்டில் இயங்குகிறது. பெற்றோர் விட்டுச்செல்லும் பணத்தை அப்பிள்ளையின் பராமரிப்புக்காக அது நிர்வகிக்கும். தமிழ்ப் பெற்றோரிடையே இதைக் கேள்விப்படாதவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். தமிழில் விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்த இந்த அமைப்பு முன்வருமானால் உரையை மொழிபெயர்த்துத் தரவும், படிவங்களை நிரப்ப உடனிருந்து உதவவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

செயலாளர் அவர்களிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிக்கு அரங்கம் பதிவு செய்யும்முன் கேட்கவேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. மேடைக்குச் சரிவுப் பாதை உண்டா, ஒலியைக் குறைத்து வைக்க ஒரு தனியறை உண்டா, சைகை மொழிபெயர்ப்பாளருக்குச் செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கியாயிற்றா, போட்டியில்லாமல் மேடையேற அரை மணி நேரம் உண்டா என்பவை அவற்றுள் சில. அதில் சேர்க்கவேண்டியதை, இங்கு வந்திருக்கும் உடற்குறையுள்ள நண்பர்களும் பெற்றோர்களும் சொல்லவேண்டும். ஒலிவாங்கியை முன்வரிசையிலிருந்து தொடங்கிக் கொண்டுவரும்படி தொண்டூழியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.