அசையும் மூட்டு பசியாறும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். முழங்கால் வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்." இயன்முறை மருத்துவராக எனக்கு மிகவும் வருத்தம் தரும் வாக்கியமும் இதுவே.

இப்போது, உட்கார்ந்தபடியே ஒரு காலை மெல்ல நீட்டி மடக்குங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்பவர்கள் ஒரு விரலை மடக்கினாலும் போதும். உள்ளே இரண்டு எலும்புகளின் முனைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு படிந்திருக்கிறது. சுற்றிலும் ஓர் உறை, அதற்குள் கொஞ்சம் திரவம். கொஞ்சம் என்றால் மிகக் கொஞ்சம். நல்ல நிலையில் உள்ள முழங்காலில் ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது.

அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மீண்டும் சொல்கிறேன், ரத்தக் குழாயே கிடையாது. அப்படியானால் அதற்குச் சத்து எப்படிப் போகிறது? காலை ஊன்றும்போது அது அழுந்தித் திரவத்தை வெளியே விடுகிறது. எடுக்கும்போது பஞ்சைப் போல உறிஞ்சிக்கொள்கிறது. சத்தும் அதோடு உள்ளே போகிறது. அசைக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது!

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தோ உறையிலிருந்தோ வருகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் நிறையத் தேய்மானம் தெரிகிற ஒருவர் கோயில் படிகளைச் சுலபமாக ஏறிவிடுகிறார். படத்தைப் பார்த்து மட்டும் மனம் தளராதீர்கள்.

அடுத்து, விரலில் நெட்டி முறிப்பது. "மூட்டு கெட்டுவிடும்" என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத் திட்டுகிறோம் அல்லவா? கலிபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவருடைய அம்மாவும் சித்தி, பெரியம்மாக்களும் அவரை இப்படித்தான் எச்சரித்தார்கள். அவர் வாதாடவில்லை. இடது கை விரல்களில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி முறித்தார். வலது கையை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, 50 ஆண்டுகள்! குறைந்தது 36,500 முறை என்று அவரே கணக்கிட்டார். 1998இல் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்: எந்தக் கையிலும் மூட்டழற்சி இல்லை. ஒரே மனிதரின் சோதனைதான், அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. அந்தச் சத்தம் எலும்போடு எலும்பு மோதுவதும் அல்ல. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், விரலை இழுக்கையில் சத்தம் எழும் அதே கணத்தில் மூட்டுத் திரவத்துக்குள் ஒரு வெற்றிடம் உண்டாவதை எம்.ஆர்.ஐ. மூலம் படம்பிடித்தார்கள். வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

மறுபடியும் முழங்காலுக்கு வருகிறேன். அது கதவுக் கீல் போல மடங்கி நிமிர்வது மட்டுமல்ல. காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் எலும்பு சற்றே திரும்பி, மூட்டு பூட்டிக்கொள்கிறது. ரேஷன் கடை வரிசையில் நெடுநேரம் நிற்கும்போது தொடைத் தசை அதிகம் உழைக்காமல் இருப்பது இதனால்தான். உட்கார நினைத்ததும், முழங்காலுக்குப் பின்புறமுள்ள ஒரு சிறு தசை அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். இடுப்பையும் கழுத்தையும் இன்று தொட முடியாது. தோளைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. கை எலும்பின் உருண்டையான தலை பொருந்தியிருக்கும் தோளின் கிண்ணம் ஆழமில்லாதது. கை எல்லாப் பக்கமும் சுழல்வதும் அதனால், எளிதில் நழுவுவதும் அதனால். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். தலை வாரவோ சட்டை மாட்டவோ கை உயரவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மூட்டாயினும் திடீரென வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது பயிற்சி வேண்டாம். நன்றி, வணக்கம்.