பேப்பர் ஃபைலா, கம்ப்யூட்டரா? உங்க மெடிக்கல் ரெக்கார்டை அடுத்து படிக்கப்போறது யாரு

[திரையில்: நூல் போட்டு கட்டுன ஒரு பழைய ஃபைல், பக்கத்துல ஒரு மானிட்டர்]

எங்க அப்பாவுக்கு ஒரு ஃபைல் இருந்துச்சு, நாலு விரக்கடை தடிமன், 11 வருஷ வைத்தியம் அதுக்குள்ள. ஒரு நாள் ராத்திரி அவரை அவசரமா வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனோம், அங்க டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" தான். ஒரு மருந்து ஒத்துக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், பேர் யாருக்கும் வாயில வரல. ஃபைல் கையில தான் இருக்கு, ஆனா எந்தப் பக்கம்? அம்மா ஒரு கட்டு, நான் ஒரு கட்டுன்னு தரையில பரப்பி வச்சு தேடுனோம், கடைசில ஆறு வருஷத்துக்கு முந்தின ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியோட பின்பக்கம் பேனாவுல கோணலா எழுதியிருந்துச்சு.

அன்னைலேர்ந்து எந்த ரெக்கார்டைப் பார்த்தாலும் எனக்கு ஒரே ஒரு கேள்வி தான் வருது, இதை அடுத்து படிக்கப்போறவருக்கு வேண்டிய வரி உடனே கண்ணுல படுமா? இந்த வீடியோ முழுக்க அந்தக் கேள்வியை வச்சு தான் பேப்பரையும் கம்ப்யூட்டரையும் பார்க்கப்போறேன்.

[திரையில்: பாப்பிரஸ் சுருள்]

நோயாளியைப் பத்தி எழுதி வைக்கிறது ரொம்பப் பழைய பழக்கம். எகிப்துல கிடைச்ச, சுமார் கி.மு. 1600-ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் சுருள்ல 48 கேஸ் இருக்கு, பெரும்பாலும் அடிபட்ட காயங்க. தொட்டுப் பார்த்தா என்ன தெரியும், இது என்ன காயம், இதுக்கு வைத்தியம் பண்ணலாமா, போராடித்தான் பார்க்கணுமா, இல்ல கையை விரிக்கணுமான்னு ஒரே வரிசையில எழுதியிருக்கு. இன்னைக்கு ஒரு கேஸ் ஷீட் எழுதுற முறையும் கிட்டத்தட்ட இதே தாங்க.

நம்ம கையில இருக்கிற ஃபைல் ஆனா ரொம்பப் புதுசு. முன்னாடி எல்லாம் ஒவ்வொரு டாக்டரும் தனக்குன்னு ஒரு நோட்டு வச்சிருப்பாரு, ஒரே ஆளு மூணு டாக்டரைப் பார்த்தா மூணு நோட்டுல துண்டு துண்டா கிடப்பாரு. 1907-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஹென்றி பிளம்மர்னு ஒரு டாக்டர், ஒரு நோயாளிக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ஒரே ஃபைல், யார் பார்த்தாலும் அதுல தான் எழுதணும்னு கொண்டு வந்தாரு. அப்புறம் 1968-ல லாரன்ஸ் வீட்னு இன்னொரு டாக்டர், தேதி வாரியா எழுதிக்கிட்டே போனா யாருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது, இந்த ஆளுக்கு என்னென்ன பிரச்சனைன்னு முதல்ல ஒரு பட்டியல் போட்டுட்டு அதுக்குக் கீழ எழுதுங்கன்னு சொன்னாரு. கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே, நல்ல ரெக்கார்டுன்னா என்னங்கிற கேள்விக்குப் பாதி பதில் இவங்க ரெண்டு பேர்கிட்டயே கிடைச்சிருச்சுன்னு நான் நினைக்கிறேன்.

பேப்பரை மட்டமா பேசுறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. கரண்ட் போனாலும் ஃபைலைத் திறக்கலாம், ஓரத்துல ஒரு வயித்துப் படம் வரைஞ்சு இங்க தான் வலின்னு புள்ளி வைக்கலாம், ஃபைலோட கனத்தைப் பார்த்தே இவரு எவ்வளவு நாளா கஷ்டப்படுறாருன்னு நர்ஸுக்கு தெரிஞ்சிரும். பத்தாயிரம் பேரோட ஃபைலை ஒருத்தன் ஒரே ராத்திரில தூக்கிட்டும் போக முடியாது.

ஆனா பேப்பர் ஒரே இடத்துல தான் இருக்கும். 2005-ல கத்ரீனா புயல் வந்தப்போ நியூ ஆர்லியன்ஸ்ல எத்தனையோ பேரோட ஃபைல் வெள்ளத்தோட போயிருச்சு, என்ன மாத்திரை சாப்பிட்டோம்னே சொல்லத் தெரியாம ஜனங்க வேற வேற ஊர்ல போய் நின்னாங்க. அதே ஊர்ல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரில பார்த்தவங்களோட ரெக்கார்டு கம்ப்யூட்டர்ல இருந்ததால, சில நாள்லயே வேற ஊரு டாக்டருங்களால அதைத் திறந்து பார்க்க முடிஞ்சுது.

அப்புறம் கையெழுத்து. இன்சுலின் 4 யூனிட்னு எழுதுறப்போ யூனிட்டுக்கு பதிலா வெறும் 'யு'ன்னு ஆங்கில எழுத்தைப் போட்டா அது பூஜ்யம் மாதிரி தெரிஞ்சு 40 ஆயிரும். 1.0 மில்லிகிராம்னு எழுதி புள்ளி சரியா விழலன்னா 10 ஆயிரும். அதனால தான் இப்படி எல்லாம் எழுதக்கூடாதுன்னு மருந்துப் பாதுகாப்பு அமைப்புங்க பட்டியலே போட்டு வச்சிருக்காங்க. இதை எல்லாம் விடப் பெரிய குறை, பேப்பர் உங்களைத் தடுக்காது. பெனிசிலின் ஒத்துக்காதுன்னு மூணாம் பக்கத்துல எழுதிட்டு நாப்பதாம் பக்கத்துல அதே குடும்ப மருந்தை எழுதுனா ஃபைல் சும்மா தான் இருக்கும்.

[திரையில்: மருந்து ஆர்டர் போடுற ஸ்கிரீன், சிவப்பு எச்சரிக்கை]

கம்ப்யூட்டர் வாயைத் திறந்து கேக்கும், அது தான் அதோட உண்மையான பலம். 1998-ல பாஸ்டன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில, டாக்டருங்க மருந்தை கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட ஆரம்பிச்சதும் ஆபத்தான மருந்துத் தப்புகள் 55 சதவீதம் குறைஞ்சுதுன்னு ஆய்வு வந்துச்சு. அப்போ முடிஞ்சுது, எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்திரலாம்னு தோணுதுல்ல? 2005-ல பிட்ஸ்பர்க்ல ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த ஆய்வைப் படிச்சப்போ எனக்கு மனசு கனத்துப் போச்சு. வேற இடத்துலேர்ந்து அவசரமா கொண்டு வந்த குழந்தைங்கள்ல இறப்பு 2.8 சதவீதமா இருந்தது, சிஸ்டம் வந்த பிறகு 6.57 ஆச்சு. முன்னாடி குழந்தை வந்துட்டு இருக்கும்போதே மருந்தை ரெடி பண்ணிருவாங்க, புது சிஸ்டத்துல குழந்தை வந்து பேர் பதிஞ்சா தான் ஆர்டரே போட முடியும், அந்த நிமிஷங்கள் எல்லாம் ஸ்கிரீன் முன்னாடி போச்சு. ஆனா 2010-ல ஸ்டான்ஃபோர்டுல இன்னொரு குழந்தைகள் ஆஸ்பத்திரில இதே மாதிரி சிஸ்டம் போட்டப்போ இறப்பு 20 சதவீதம் குறைஞ்சுது. அங்க வேலை பாக்குறவங்களோட ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி சிஸ்டத்தை அமைச்சாங்களா இல்லையாங்கிறதுல தான் எல்லாமே இருக்கு.

இப்போ சொல்லப்போற சம்பவத்தை கொஞ்சம் நிதானமா கேளுங்க. 2013, சான் ஃபிரான்சிஸ்கோ. 16 வயசுப் பையன், அவன் எப்பவும் சாப்பிடுற ஆன்டிபயாடிக் 160 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு. எடை 38.6 கிலோ, 40-க்கு கம்மிங்கிறதால சிஸ்டம் டோஸை கிலோ கணக்குல கேக்குது. டாக்டர் 160-ன்னு அடிச்சாரு, பக்கத்துல அளவு 'கிலோவுக்கு மில்லிகிராம்'னு இருந்ததை கவனிக்கல. 160-ஐ 38.6-ஆல பெருக்குனா எவ்வளவு வருது? ஆர்டர் 38½ மாத்திரைன்னு போச்சு. டாக்டருக்கு அலர்ட் வந்துச்சு, தள்ளி விட்டாரு. மருந்தாளுநருக்கும் வந்துச்சு, அவரும் தள்ளி விட்டாரு. ரோபோ அச்சுப்பிசகாம 38½ மாத்திரையைப் பொட்டலம் கட்டுச்சு. நர்ஸுக்கு மட்டும் இது என்ன இவ்வளவுன்னு உறுத்துச்சு, பார்கோடை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க, மெஷின் சரின்னு சொல்லிருச்சு. பையன் அத்தனையும் முழுங்கினான், அன்னைக்கு ராத்திரி வலிப்பு வந்துச்சு. நல்லவேளை, பிழைச்சுக்கிட்டான்.

அந்த டாக்டரும் மருந்தாளுநரும் அலட்சியமான ஆளுங்கன்னு சொல்லிட்டுப் போயிரலாம், ஆனா எனக்கு அப்படித் தோணல. மருந்து அலர்ட்டுகள்ல 49-லேர்ந்து 96 சதவீதம் வரைக்கும் தள்ளி விடுறாங்கன்னு 2006-ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க எழுதியிருக்காங்க. நாள் முழுக்க சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சிவப்பு விளக்கு எரிஞ்சா கை தானா மூடு பட்டனுக்குப் போயிரும், கேக்குற குரல் நூறு தடவை வீணா கேட்டா நூத்தி ஒண்ணாவது தடவை யாரு காது குடுப்பா?

இன்னொரு தொல்லை காப்பி-பேஸ்ட். நேத்து நோட்டை அப்படியே இன்னைக்கு ஒட்டுறதால மூணு நாள் முன்னாடி நின்னுபோன காய்ச்சல் ரெக்கார்டுல இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கும். டாக்டருங்களையும் சும்மா குறை சொல்லக்கூடாது, நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசுற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஸ்கிரீன், டேபிள் வேலைன்னு கிட்டத்தட்ட இன்னும் ரெண்டு மணி நேரம் போகுதுன்னு 2016-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லுது.

திருட்டு பத்தி சொல்லியே ஆகணும். 2020-ல ஃபின்லாந்துல ஒரு மனநல சிகிச்சை நிறுவனத்தோட ரெக்கார்டைத் திருடுனவன், தெரபிஸ்ட்கிட்ட மனசு விட்டு சொன்னதை எல்லாம் வெளியில விட்ருவேன்னு நோயாளிங்களுக்கே நேரா மெயில் போட்டு பணம் கேட்டான். இதை நினைச்சா கம்ப்யூட்டரே வேண்டாம்னு தான் தோணும். ஆனா எஸ்டோனியாவுல 2008-லேர்ந்து நாடு முழுக்க மின்னணு ரெக்கார்டு தான், அங்க உங்க ரெக்கார்டை யார் யார் திறந்து பார்த்தாங்கன்னு நீங்களே உள்ள போய் பார்த்துக்கலாம். பேப்பர் ஃபைலை யார் புரட்டுனான்னு யாருக்குத் தெரியும்?

[திரையில்: பிரிண்டர், பக்கத்துல ஸ்கேனர்]

இப்போ பல இடத்துல நடக்கிறது ரெண்டும் கெட்டான் நிலைமை. ஒரு ஆஸ்பத்திரி சிஸ்டம் இன்னொண்ணோட பேசாது. அதுங்களைப் பேச வைக்கிற பொது மொழியை உண்டாக்கணும்னு ஹெச்எல்7 அமைப்பு 1987-லேர்ந்து பாடுபடுது, இன்னும் முழுசா முடியல. அதனால இங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதை பிரிண்ட் எடுத்து கையில குடுக்குறாங்க, அங்க அதை ஸ்கேன் பண்ணி படமா ஏத்திக்கிறாங்க. பார்க்கிறதுக்கு டிஜிட்டல், ஆனா சாதாரணமா சிஸ்டத்துக்கு அது வெறும் போட்டோ, அதுல பெனிசிலின் ஒத்துக்காதுன்னு எழுதியிருந்தாலும் அலர்ட் அடிக்காது. அலர்ஜின்னு ஒரு தனி கட்டம் இருக்கும், அதுல யாராவது டைப் பண்ணியிருந்தா தான் அடிக்கும்.

அப்பாவுக்கு இப்போ நான் ஒரே ஒரு பக்கம் வச்சிருக்கேன், ஒத்துக்காத மருந்து பேர் மேல, இப்போ சாப்பிடுற மாத்திரையும் அளவும் அதுக்குக் கீழ, இருக்கிற நோய்ங்க, நடந்த ஆபரேஷன், கடைசியா திருத்துன தேதி. ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் திருத்துவேன், போன்லயும் ஒரு போட்டோ. புது ஆஸ்பத்திரிக்குப் போனா பதிவு பண்றவங்ககிட்ட "அலர்ஜி கட்டத்துல என்ன இருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க"ன்னு கேக்குறேன், நீங்களும் கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நான் முதல் தடவை கேட்டப்போ அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்து "எதுவும் இல்லைன்னு இருக்கு சார்"னாங்க. அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரி ஸ்கேன் ஆகி அதே ஸ்கிரீன்ல தான் இருந்துச்சு, ரெண்டு பக்கமும். மருந்து பேரை நான் ஒவ்வொரு எழுத்தா சொன்னேன், அவங்க டைப் பண்ணாங்க.