தீயணைப்பு வீரர்களுக்குத் தைராய்டு கேன்சர் ரெண்டு மடங்கா? யாரைவிட?

[திரையில்: 2.17, 2.42 என்ற இரண்டு எண்கள் மட்டும்]

வணக்கம். திரையில தெரியிற இந்த ரெண்டு எண்ணும் அமெரிக்காவோட ஃபுளோரிடா மாநிலத்துல இருந்து வந்தது. அங்க தீயணைப்பு வேலைக்குச் சான்றிதழ் வாங்கின 1,09,009 பேரோட பட்டியலை எடுத்தாங்க. 1981-லேர்ந்து 2014 வரைக்குமான மாநிலக் கேன்சர் பதிவேட்டோட அதை ஒத்துப் பாத்தாங்க. 2020-ல முடிவு வெளியாச்சு. தைராய்டு கேன்சர், அந்த வேலை பாக்குற ஆண்கள்கிட்ட 2.17 மடங்கு, பெண்கள்கிட்ட 2.42 மடங்கு.

கேட்டா பகீர்னு இருக்கும். ஆனா யாராவது ரெண்டு மடங்குன்னு சொன்னா, யாரைவிடன்னு உடனே கேட்டுடணும். இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

தீயணைப்புத் துறையில சேரணும்னா ஓடணும், ஏணி ஏறணும், ஒரு ஆளைத் தூக்கிட்டு வரணும், மெடிக்கல்ல பாஸ் ஆகணும். உடம்புல பெரிய கோளாறு இருக்கிறவங்க வாசல்லயே கழிஞ்சிடுவாங்க. அப்போ இவங்களை ஊர் ஜனம் மொத்தத்தோட ஒப்பிட்டா என்ன ஆகும்? படுக்கையில கிடக்கிறவங்க, வேலைக்கே போக முடியாதவங்க எல்லாரும் எதிர்த் தட்டுல இருப்பாங்க. இருபது வருஷம் புகையில நின்னவங்ககூட பக்கத்துல ஆரோக்கியமாத்தான் தெரிவாங்க. அதனால வேலையால வர்ற நோயைக் கணக்குப் பாக்கிறவங்க, வேலை செய்றவங்களை வேலை செய்றவங்களோட ஒப்பிடத்தான் விரும்புவாங்க.

ஃபுளோரிடா கணக்குல வேற ஒரு சிக்கல் இருக்கு. அது கேன்சர் வந்தவங்களுக்குள்ளயே செஞ்ச ஒப்பீடு. தீயணைப்பு வேலை பாத்து கேன்சர் வந்தவங்கள்ல எத்தனை பேருக்குத் தைராய்டு, அந்த வேலை பாக்காம கேன்சர் வந்தவங்கள்ல எத்தனை பேருக்குத் தைராய்டுன்னு பாத்தாங்க. ஒரு கூட்டத்துல சிகரெட் பிடிக்கிறவங்க கம்மின்னு வைங்க. நுரையீரல் கேன்சரோட பங்கு குறையும். பங்கு குறைஞ்சா மத்த கேன்சர்களோட பங்கு தானா ஏறும். அதுக்காக 2.17-ஐத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லலை. கொஞ்சம் சந்தேகத்தோட கையில வெச்சுக்கோங்கன்றேன்.

இந்த வேலை கேன்சரைக் கொண்டு வருமா வராதான்றதுல இப்போ சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஃபிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கு. 2007-ல அவங்க தீயணைப்பு வேலையை "கேன்சர் வர வைக்கலாம்"ன்ற 2பி பிரிவுல வெச்சாங்க. 2022 ஜூன்ல 25 விஞ்ஞானிகள் மறுபடி உக்காந்து, எல்லா ஆய்வையும் புரட்டி, நேரா முதல் பிரிவுக்குத் தூக்கிட்டாங்க. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு.

[திரையில்: லியோன் குழு சொன்ன உறுப்புகள் உடல் வரைபடத்தில் ஒவ்வொன்றாக ஒளிரும், கழுத்து ஒளிராது]

எந்தெந்த கேன்சர்? போதுமான ஆதாரம் இருக்குன்னு சொன்னது ரெண்டுக்கு: நுரையீரலைச் சுத்தியிருக்கிற உறையில வர்ற மீசோதீலியோமா, அப்புறம் சிறுநீர்ப்பை கேன்சர். ஓரளவு ஆதாரம்னு சொன்னது பெருங்குடல், புராஸ்டேட், விரை, மெலனோமான்ற தோல் கேன்சர், நிணநீர் மண்டலத்துல வர்ற நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. அவ்வளவுதான். படத்துல கழுத்து எரியலை பாருங்க. ரெண்டு பட்டியல்லயும் தைராய்டு இல்லை.

தைராய்டு கேன்சருக்கு அடிச்சுச் சொல்லக்கூடிய வெளிக் காரணம் கதிர்வீச்சு. 1986-ல செர்னோபில் வெடிச்சப்போ சுத்துவட்டாரத்துல குழந்தையா இருந்தவங்ககிட்ட அது அப்பட்டமாத் தெரிஞ்சது. வீடு எரியிற புகையில கதிர்வீச்சு கிடையாது. அப்போ புகைக்கும் தைராய்டுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பே இல்லையான்னா, அப்படியும் சொல்ல முடியாது.

தீயணைப்பு உடுப்பைக் கிட்டப் போய்ப் பாப்போம். கோட்டும் பேன்ட்டும் மூணு அடுக்கு. தலையில ஹெல்மெட், முகத்துல மாஸ்க், முதுகுல காத்து சிலிண்டர். இதெல்லாம் சேர்ற இடத்துல, கோட்டுக் காலருக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல, கழுத்தை மூடுறது ஒரு பின்னல் துணி ஹூட் மட்டும்தான். அது சூட்டைத் தாங்கும், புகைத் துகளை முழுசாத் தடுக்காது. அமெரிக்காவுல வேணும்னே வீட்டை எரிச்சு, வீரர்களை உள்ள அனுப்பி, வெளிய வந்ததும் கழுத்தைத் துடைச்சுப் பரிசோதிச்சிருக்காங்க. பிஏஹெச்னு சுருக்கமாச் சொல்ற, புகைக்கரியில இருக்கிற நச்சுகள் கழுத்துத் தோல்ல கூடியிருந்தது. அதே ஆராய்ச்சி வரிசையில, உள்ள போய்ட்டு வந்த உடுப்பை அங்கயே சோப்புத் தண்ணி விட்டுத் தேய்ச்சா, மேல படிஞ்ச பிஏஹெச் சுமார் 85 சதவீதம் போய்டுதுன்னு கண்டாங்க. ஈரத் துடைப்பானால கழுத்தைத் துடைச்சா பாதிக்கு மேல, 54 சதவீதம் போய்டுது. ஒரு காலத்துல கரி அப்பின கோட்டும் ஹெல்மெட்டும்தான் அனுபவசாலிக்கு அடையாளம். துவைக்கிறவனைக் கிண்டல் பண்ணுவாங்க. அந்தப் பெருமை எத்தனை பேர் தோல்ல என்னத்தை ஏத்துச்சோ!

இன்னொண்ணு, சோஃபா மெத்தை ஃபோம்ல தீ பிடிக்காம இருக்க பிபிடிஇன்ற புரோமின் ரசாயனங்களைக் கலந்தாங்க. தைராய்டு சுரக்கிற ஹார்மோன்ல ரெண்டு வளையமும் அயோடினும் இருக்கும். இந்த ரசாயனத்துலயும் ரெண்டு வளையம், அயோடினுக்குப் பதிலா புரோமின். உடம்புல ஹார்மோன் வேலை செய்ற இடத்துல இது போய்க் குறுக்க நிக்க முடியும். பெட்ரோல் தீயை அணைக்கிற நுரையில இருந்த பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனங்கள்ல ஒண்ணு பிஎஃப்ஓஏ. அதை 2023-ல லியோன் முகமை முதல் பிரிவுல சேர்த்தது. அதுக்கும் தைராய்டு நோய்க்கும் தொடர்பு இருக்கலாம்னு 2012-லயே ஒரு நிபுணர் குழு சொல்லிடுச்சு. ஆனா ஹார்மோனைக் குழப்புறது ஒண்ணு, கேன்சரை உண்டாக்குறது இன்னொண்ணு. முதல் படிக்கு ஆதாரம் இருக்கு. ரெண்டாவது படி, தைராய்டைப் பொறுத்தவரைக்கும், இன்னும் நிரூபணம் ஆகலை.

சரி, இப்போ நியூயார்க். என்னைக் கேட்டா இந்த விஷயம் முழுக்க அங்கதான் திறக்குது.

2001 செப்டம்பர் 11. ரெட்டைக் கோபுரம் இடிஞ்சு, சிமெண்ட், கண்ணாடி, ஆஸ்பெஸ்டாஸ், எரிபொருள் எல்லாம் கலந்த தூசியில மாசக்கணக்குல வேலை பாத்தாங்க நியூயார்க் தீயணைப்பு வீரர்கள். அதுக்கப்புறம் அவங்களை விடாம மருத்துவக் கண்காணிப்புல வெச்சாங்க. தூசி நுரையீரலைத்தானே கெடுக்கும்? அதனால நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். நெஞ்சு ஸ்கேனோட மேல் துண்டுகள்ல கழுத்தோட அடிப்பக்கம் விழும். தைராய்டு உக்காந்திருக்கிற இடம் அது. ரிப்போர்ட்ல கடைசி வரியா "தைராய்டில் சிறு கட்டி"ன்னு வரும். கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் எழுதுவாங்க. அப்புறம் ஊசி போட்டு எடுத்து டெஸ்ட். பாப்பில்லரி கார்சினோமான்னு வரும், அது தைராய்டு கேன்சர்ல ஒரு வகை. ஆபரேஷன். அந்த மனுஷன் போனது இருமலுக்கு.

[திரையில்: 72 கேஸ், அதில் 65, 53 மற்றும் 12 எனப் பிரிகிறது]

இதை அங்கயே ஒரு குழு எண்ணிப் பாத்துச்சு, 2020-ல வெளியிட்டாங்க. தூசியில வேலை பாத்த 14,987 ஆண்கள், அவங்கள்ல 72 பேருக்குத் தைராய்டு கேன்சர். எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு 65 பேருக்குத் தெரிஞ்சது. அதுல 53 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை, வேற எதுக்கோ பாக்கும்போது சிக்கினது. 12 பேர்தான் கட்டி, தொந்தரவுன்னு வந்தவங்க.

ஒப்பிடறதுக்கு மின்னசோட்டா மாநிலத்துல ஓம்ஸ்டெட் மாவட்டத்து ஆண்களை எடுத்தாங்க. மொத்தமாப் பாத்தா நியூயார்க் வீரர்களுக்கு 2.3 மடங்கு. அறிகுறி இல்லாம பிடிபட்ட கேஸை மட்டும் பாத்தா 3.1 மடங்கு. அறிகுறியோட வந்தவங்களை மட்டும் பாத்தா? 0.8. அதாவது வித்தியாசமே இல்லை. தூசி நிஜமாவே கேன்சரைக் கூட்டியிருந்தா, தொந்தரவோட வர்றவங்க எண்ணிக்கையும் கூடியிருக்கணுமே!

ஹெல்மெட் செக்கிங் நிக்கிற ரோட்டுலதான் ஹெல்மெட் கேஸ் அதிகம் பதிவாகும். அந்த ரோட்டுல போறவங்க மட்டும் மோசமானவங்கன்னு அர்த்தம் இல்லை.

தைராய்டுல இது ரொம்ப எடுபடறதுக்குக் காரணம் இருக்கு. 1985-ல பின்லாந்துல, வேற காரணங்களால இறந்துபோன 101 பேரோட தைராய்டை மெல்லிசா சீவிப் பாத்தாங்க. 36 பேருக்கு உள்ள சின்னச் சின்ன பாப்பில்லரி கேன்சர் இருந்தது. மூணுல ஒருத்தருக்கு! யாருக்கும் அதனால ஒண்ணும் ஆகலை.

தென்கொரியா இதை நாடு முழுக்கச் செஞ்சு பாத்துடுச்சு. 1999-ல தேசிய கேன்சர் பரிசோதனைத் திட்டம் வந்தது. அதோட கூடக் கொஞ்சம் காசு கட்டினா கழுத்துக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட்னு ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கிச்சு. 2011-ல தைராய்டு கேன்சர் 1993-ல இருந்ததைவிட 15 மடங்கு. ஒரே வருஷத்துல 40,000-க்கும் மேல. இறந்தவங்க எண்ணிக்கை? வருஷத்துக்கு 400-க்குக் கீழே, அசையவே இல்லை. ஆனா கிட்டத்தட்ட எல்லாருக்கும் கத்தி வெச்சாச்சு. ஆபரேஷன் ஆனவங்கள்ல சுமார் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைப் பாத்துக்கிற பாராதைராய்டு சுரப்பி பாதிச்சது, 2 சதவீதம் பேருக்குக் குரல் நரம்பு. 2014-ல சில டாக்டர்கள் சேர்ந்து வெளிப்படையாவே நிறுத்துங்கன்னு சொன்னதும், ஒரே வருஷத்துல ஆபரேஷன் 35 சதவீதம் குறைஞ்சது.

அப்போ வழக்கு முடிஞ்சதா? இல்லை. 2021-ல இன்னொரு ஒப்பீடு வந்தது. நியூயார்க் தீயணைப்பு வீரர்களை, சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ தீயணைப்பு வீரர்களோடயே ஒப்பிட்டாங்க. ஒரே வேலை, ஒரே மாதிரி உடம்பு. தைராய்டு கேன்சர் நியூயார்க்ல 2.53 மடங்கு. கண்காணிப்பால கூடினதைச் சரிக்கட்டிப் பாத்தும் 2.11-ல நின்னது. தூசிக்கும் பங்கு இருக்குன்னு சொல்றவங்க இதைத்தான் காட்டுவாங்க. ஆனா வாழ்நாள் முழுக்க வெளிய தெரியாமலே போயிருக்கக்கூடிய கட்டியை எந்தச் சரிக்கட்டலும் முழுசாக் கழிச்சுட முடியாது. என் கணிப்பு: கூடுதல்ல பெரும்பங்கு ஸ்கேனோடது, மிச்சம் இருக்கிற சின்னப் பங்குக்குக் கதவு இன்னும் திறந்திருக்கு.

இந்த மடங்குக் கணக்கை ஆள் கணக்கா மாத்திப் பாருங்க. நியூயார்க் வீரர்கள்ல வருஷத்துக்கு லட்சத்துல 24.7 பேர், ஓம்ஸ்டெட்ல 10.4 பேர். லட்சத்துக்குக் கூடுதலா 14 பேர். அதுலயும் தைராய்டு கேன்சர் வந்தவங்கள்ல அமெரிக்காவுல 5 வருஷம் தாண்டுறவங்க 98 சதவீதத்துக்குப் பக்கம்.

அதனால இந்த வேலையில இருக்கிற ஒருத்தர், எதுவும் தொந்தரவு இல்லாம கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கட்டுமான்னு கேட்டா, நான் வேண்டாம்னுதான் சொல்வேன். அமெரிக்காவோட தடுப்புச் சேவைகள் குழு 2017-ல சொன்னதும் அதுதான்: அறிகுறி இல்லாத பெரியவங்களுக்குத் தைராய்டு ஸ்கிரீனிங் கூடாது. ஆனா கழுத்துல கட்டி தட்டுப்பட்டாலோ, குரல் வாரக்கணக்கா கரகரன்னே இருந்தாலோ, விழுங்கச் சிரமமா இருந்தாலோ அது வேற கதை. டாக்டரைப் பாத்துடணும்.

நஷ்டஈட்டுக்கு மட்டும் இந்த விவாதம் முடியிற வரைக்கும் காத்திருக்கச் சொல்றது நியாயம் இல்லை. எந்த வீட்டுத் தீயில எந்த நச்சு ஏறுச்சுன்னு எந்த வீரராலயும் நிரூபிக்க முடியாது. ஃபுளோரிடா 2019-ல சட்டம் போட்டு, 21 வகை கேன்சர்ல ஏதாவது வந்தா தகுதியுள்ள வீரருக்கு 25,000 டாலர் ஒரே தடவையா குடுக்கணும்னு சொல்லிடுச்சு. அந்த 21-ல தைராய்டு இருக்கு. ரெட்டைக் கோபுர வீரர்களுக்கான மருத்துவத் திட்டத்துல 2012-லயே சேர்த்துட்டாங்க.

[திரையில்: பதிவேட்டின் படிவம்]

கணக்கைச் சரியாப் போடறதுக்கும் ஒரு ஏற்பாடு நடக்குது. 2018-ல அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி தீயணைப்பாளர்களுக்குன்னு ஒரு தேசிய கேன்சர் பதிவேடு உருவாச்சு, 2023 ஏப்ரல்ல பதிவு தொடங்குச்சு. சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க, தன்னார்வலர்கள், ஓய்வு பெற்றவங்க யாரும் சேரலாம். கேன்சர் வந்தவங்களுக்கு மட்டும்தானேன்னு நினைச்சு நல்லா இருக்கிறவங்க ஒதுங்கிடக் கூடாதுன்னு திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க. அவங்க சேரலைன்னா, நோயாளிகளை எண்ணலாம், எத்தனை பேர்ல எத்தனை பேருக்கு வந்ததுன்னு சொல்ல முடியாது.