ரிகவர்: ஒரு சொல்லும் அதன் பல முகங்களும்

(இலங்கையின் ஹட்டனில் ஆங்கில ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடியிருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, சக ஆசிரியர்களே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல். ‘ரிகவர்’. பொருள் கேட்டால் ‘சுகமாவது’ என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அந்த ஒரு பொருளை நம்பித்தான் ஒரு சம்பளச் சிட்டைக்கு முன்னால் திகைத்து நின்றேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை, அதாவது செடிகளின் கிளைகளை வெட்டிவிடுவது. சம்பளத்தன்று சிட்டையை என் கையில் கொடுத்து, “வாசிச்சுச் சொல்லுப்பா” என்றார். ஒரு பக்கம் ‘பேர்’ எண்ணிக்கையும், அதாவது வேலை செய்த நாள் கணக்கும், சம்பளமும். மறுபக்கம் ‘ரிகவரீஸ்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே தீபாவளி முற்பணம், அரிசி, மா, சந்தா என்று வரிசையாகத் தொகைகள். அகராதியைப் புரட்டினேன். “சுகமாகுறதுன்னு போட்டிருக்குப்பா” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சுகமானா காசு ஏன் கொறையுது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை நம் ஊர்த் தமிழிலேயே இருக்கிறது: அறவிடுதல். கடனை அறவிடுவது, முற்பணத்தை அறவிடுவது. கொடுத்தவர் தம் காசைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஆங்கிலத்தில் ‘ரிகவர்’தான். சிட்டையில் அந்தச் சொல் தோட்டத்தின் பக்கம் நின்று பேசியது. அப்பாவின் பக்கம் நின்றால் அதற்குப் பெயர் கழிவு, அதாவது பிடித்தம்.

மாணவர்கள் இதைக் கவனியுங்கள். நோயாளி ‘ரிகவர்’ ஆகிறார், வங்கி கடனை ‘ரிகவர்’ செய்கிறது, பொலிஸார் களவுபோன நகையை ‘ரிகவர்’ செய்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஒரே வினை போதும். தமிழில் நோயாளி தேறுகிறார், வங்கி அறவிடுகிறது, பொலிஸ் மீட்கிறது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று யோசிக்காமல் தமிழில் இந்த வினையைப் போடவே முடியாது. மொழிபெயர்க்கும்போது இது பெரிய தொல்லை. ஆனால் இந்தத் தொல்லையைப் போல நல்ல ஆசான் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

இந்தச் சொல்லுக்குள் ‘கவர்’ என்பது தெரிகிறதே, மூடுவதற்கும் இதற்கும் உறவு உண்டா என்று கேட்பார்கள். இல்லை. இலத்தீனில் ‘ரெகுபெராரே’ என்றால் திரும்பப் பெறுவது. அது பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ‘ரிகவர்’ ஆனது. அதே வேரிலிருந்து தேயாமல் வந்த தங்கைதான் ‘ரிகூப்பரேட்’. நாற்காலிக்குப் புதுத் துணி போடுவதைச் சொல்லும் ‘ரீ-கவர்’ வேறு சொல். அதை எழுதும்போது நடுவில் சிறு கோடு போடுங்கள், சொல்லும்போது முதல் அசையை நீட்டுங்கள்.

மற்ற உறவுகளை விரைவாகப் பார்த்துவிடுவோம். ‘ரிட்ரீவ்’ என்றால் தேடி எடுத்து வருவது. வேட்டையில் தவறவிட்டதை நாய் மோப்பம் பிடித்துத் திரும்பத் தேடியதிலிருந்து வந்தது. ‘ரிகூப்’ செலவழித்த பணத்துக்கு. ‘ரிடீம்’ என்றால் விலை கொடுத்து மீட்பது. அடகுக் கடையில் நம் அம்மாமார் தோட்டை மீட்பதும் இதுதான், தேவாலயத்தில் மீட்பர் என்பதும் இதுதான். ‘கன்வலெஸ்’ காய்ச்சல் விட்ட பிறகு மெல்ல மெல்ல உடம்பில் பலம் ஏறுவது.

தமிழும் எல்லா இடத்திலும் தெளிவாக இருந்துவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் புதைந்த நாள். உயிரோடு காப்பாற்றினால் ஆங்கிலம் ‘ரெஸ்கியூ’ என்கிறது, உடலை எடுத்தால் ‘ரிகவர்’ என்கிறது. நமக்கு இரண்டுமே மீட்பு. அன்று வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தபோது ‘மீட்கப்பட்ட’ என்று காதில் விழுந்ததும் நெஞ்சு நின்றது. அடுத்து வருவது ‘னர்’ஆ, ‘ன’வா? மீட்கப்பட்டனர் என்றால் ஆட்கள். மீட்கப்பட்டன என்றால் உடல்கள். ஒரு விகுதிக்காக அப்படிக் காத்திருந்ததை நான் மறக்கவில்லை. செய்தி எழுதப்போகும் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து முதல் வார்த்தையிலேயே உயிரோடா இல்லையா என்று சொல்லிவிடுங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த சொல்லுக்கு வருகிறேன்: தேறு.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறீர்கள். இலையே இல்லாமல் வெறும் குச்சிகளாக நிற்கும். அந்தச் செடி எதை வைத்துத் துளிர்க்கும்? வேரில் சேமித்த மாப்பொருளை வைத்து. அதனால்தான் வெட்டுவதற்கு முன் வேர்த்துண்டு ஒன்றைக் குறுக்காக அறுத்து அயடீன் தடவிப் பார்ப்பார்கள். அப்பா வேலை செய்த மலையில் ஒருமுறை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெள்ளை வெட்டுமுகத்தில் மஞ்சளாகப் பட்ட துளி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாக மாறியது. மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம் என்று அர்த்தம். நிறம் மாறாவிட்டால் அந்தச் செடிக்கு இன்னும் ஓய்வு வேண்டும். உயரமான தோட்டங்களில் ஓரக்கிளை ஒன்றிரண்டை வெட்டாமலும் விடுவதுண்டு. அந்தக் கிளைக்கு ஆங்கிலத்தில் ‘லங்’, அதாவது நுரையீரல் என்றே பெயர். மற்றக் கிளைகள் துளிர்க்கும்வரை அது செடிக்குச் சாப்பாடு போடும்.

தோட்டத்தை நடத்தும் துரைமார் ‘ரிகவர்ட்’ என்பார்கள். அப்பா, “செடி தேறிருச்சி” என்பார். அவர் சொன்னதில் செடியின் பாடு இருக்கிறது. யாரும் அதைத் தேற்றிக் கொடுக்கவில்லை, தன் வேரிலிருந்து தானே தேறியது. வள்ளுவர் ‘தேறற்க யாரையும் தேராது’ என்னும்போது தேறுதல் என்றால் நம்புதல். நோயிலிருந்து எழும்புவதற்கும், துக்கத்திலிருந்து மனம் ஆறுவதற்கும், பரீட்சையில் பாஸாவதற்கும், ஒருவரை நம்புவதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. இதற்கு ஈடான சொல்லை ஆங்கிலத்தில் நான் இன்னும் காணவில்லை.

கடைசியாக ‘ரிகெய்ன்’, ‘ரிக்ளெய்ம்’.

இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டம் வந்த மறு வருசம், ஒரு மாணவன் தன் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினான். தாத்தாவும் அப்பாவும் குடியுரிமையை ‘ரிசீவ்’ செய்தார்கள், அதாவது வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தான். இலக்கணத்தில் பிழை இல்லை. சட்டத்தின் பெயரிலும் ‘வழங்குதல்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்குப் பேனா ஓடவில்லை.

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். தாத்தா 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர். 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது, 1949-ல் வாக்கும் போனது. கையில் இருந்தது போய்த் திரும்ப வந்தால் ‘ரிகெய்ன்’. தாத்தாவின் வாக்குக்கு அது சரியாகப் பொருந்தியது.

“அப்பா அம்பத்தஞ்சுல பொறந்தவரு சேர். அவருகிட்ட எதுவுமே இருக்கலையே. இல்லாததை எப்படித் திரும்பப் பெறுறது?” என்றான்.

நியாயமான கேள்வி. ‘ரிகெய்ன்’ அங்கே நிற்காது. ‘ரிக்ளெய்ம்’ நிற்கும். அதன் இலத்தீன் வேர் உரத்துக் கூப்பிடுவது. தனக்குச் சேர வேண்டியது இது என்று குரல் கொடுத்துக் கேட்பதற்கு, அதை முன்னே தன் கையில் வைத்திருந்திருக்க வேண்டியதில்லை.

அவன் தாளை வாங்கி ‘ரிசீவ்’ இரண்டையும் வெட்டினான். தாத்தாவின் வரியில் வாக்கு என்று மாற்றி ‘ரிகெய்ன்’ போட்டான். அப்பாவின் வரியில் ‘ரிக்ளெய்ம்’ போட்டான்.