அஞ்சாவது ஆள்

எல்லாருக்கும் வணக்கங்க. வாழ்நாள் பூரா போட்டியில ஆடின ஒரு பொம்பளையா வந்து பத்து நிமிஷம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. மைக்குக்கு முன்னாடி பேசிப் பழக்கமில்ல, வேகமா பேசுனா மன்னிச்சுக்குங்க. எங்க அப்பாவுக்கு ரேடியோ சொன்னா அது தெய்வ வாக்கு, ஏன்னா ரேடியோவுல கேட்டுத்தான் அவரு ஏடிடி 27 போட்டாரு, அதுக்கு தஞ்சாவூர் ஜில்லா பூரா ரேடியோ நெல்லுன்னே பேரு. அந்த நெல்லுக்கும் என் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, வர்றேன்.

நான் ஆடுறது பால் பேட்மிண்டன், தமிழ்ல பூப்பந்து. இப்ப உள்ள புள்ளைங்க "ஷட்டிலா டீச்சர்"னு கேக்குதுங்க. ஷட்டில் இல்லடி, அது எறகு, இது மஞ்சக் கம்பளிப் பந்து. எறகு அஞ்சு கிராம் இருக்கும், எங்க பந்து 27லேருந்து 30 கிராம், நாள் பூரா அடிச்சுப் பாருங்க, ராத்திரி சோத்தை உருட்ட மணிக்கட்டு ஒத்துழைக்காது. கோர்ட்டு 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், பரப்பளவுல மூணு ஷட்டில் கோர்ட்டுக்கு மேல வரும், அதுவும் வெட்டவெளி. வலை ஆறடி. பந்து தரையில பட்டா போச்சு. பக்கத்துக்கு அஞ்சு பேரு, பேக்ல ரெண்டு, சென்டர்ல ஒண்ணு, வலையோரம் ஃப்ரண்ட்ல ரெண்டு. இந்த அஞ்சைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, நான் பேச வந்ததே இந்த அஞ்சைப் பத்தித்தான்.

இது வெளியூர்லேருந்து வந்த ஆட்டம் இல்லங்க. 1856லயே தஞ்சாவூர் அரச குடும்பத்துல ஆடுனாங்கன்னு சொல்லுவாங்க. கடைசி ராஜா, ரெண்டாம் சிவாஜி, 1855ல காலமாயி ராஜ்யத்தைக் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான், அதுக்கு அடுத்த வருஷம். ராஜ்யமும் போயி வேலையும் இல்லாம அரண்மனையில பந்து அடிச்சிருக்காங்க, வேற என்னதான் செய்வாங்க பாவம். அந்தக் காலத்துல எறகுப்பந்து ஆடுனவங்களே காத்தடிச்சா ஈரமா இருந்தா எறகை வெச்சுட்டு கம்பளிப் பந்தைத்தான் எடுப்பாங்களாம். ஆடி மாசக் காத்துல நம்ம பக்கம் எறகை விட்டுப் பாருங்க, அது கொள்ளிடத்தைத் தாண்டிப் போயிரும்.

எங்க ஊரு பாபநாசம் பக்கம். 1975ல எனக்கு 13 வயசு. ஊர்ல சமமா, அகலமா இருந்த ஒரே எடம் நெல்லடிக்கிற களம், அதுதான் எங்க கோர்ட்டு. சவுக்குக் கம்பு ரெண்டு நட்டு, நாகப்பட்டினத்துலேருந்து வந்த பழைய மீன் வலையைக் கட்டி, சுண்ணாம்புல கோடு போட்டு ஆடுவோம். இப்ப அந்த ரேடியோ நெல்லுக்கு வர்றேன். முன்னாடி பெரும்பாலும் ஒரு போகம்தான், களம் மாசக்கணக்குல சும்மா கெடக்குமாம். குறுகிய கால நெல்லு வந்து குறுவை பெருகினதும் பொரட்டாசி ஐப்பசியில களத்துல நெல்லு, அப்புறம் மழை, தை மாசியில மறுபடி நெல்லு. எங்கப்பா வருமானம் கூடுச்சு, எனக்கு ஆடுற நாள் கொறைஞ்சுச்சு. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பந்து வாய்க்கால்ல விழுந்துட்டா தண்ணி குடிச்சு கல்லு மாதிரி ஆயிரும், அதை நெல்லு அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுக் காய வைப்போம், சாயம் போயிட்டா அம்மா மஞ்சத்தூள்ல முக்கி எடுத்துத் தரும், அந்தப் பந்தை அடிச்சா வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவ மூஞ்சியெல்லாம் மஞ்சளாயிரும்!

எங்களுக்கு ஒரு பி.டி. டீச்சர் வாய்ச்சாங்க, கறாரான ஆளு, தாவணியை இழுத்துச் சொருகிக்கிட்டு ஆடுன எங்களுக்கு அவங்களே முழங்காலுக்குக் கீழ வர்ற மாதிரி கால்சட்டை தெச்சுக் குடுத்தாங்க, அதுக்கே ஊர்ல ஒரு வாரம் பேச்சு. அர்ஜுனா விருது வாங்குன பால் பேட்மிண்டன்காரங்க பேரை ஒப்பிக்க வைப்பாங்க, 1970ல பிச்சய்யா, 72ல சீனிவாசன், 73ல கரீம், 75ல இக்பால், 76ல சாம் கிறிஸ்துதாஸ். 84ல ராஜாராமனுக்குக் கெடைச்சப்போ நான் காலேஜை முடிச்சிட்டேன், ஆனாலும் கெழவி மாதிரி உக்காந்து பட்டியல்ல சேத்து சொல்லிப் பார்த்தேன். பொம்பளை பேரு ஒண்ணு வந்தா நல்லா இருக்கும்னு அப்பதான் மொதல்ல தோணுச்சு. இன்னும் அந்தப் பட்டியல்ல வரல.

காலேஜுல நாங்க அஞ்சு பேரும் ஒரு டீம். நான் லெஃப்ட் பேக். பேக்குன்னா ஓட்டம், ஓடிக்கிட்டே இருக்கணும், தலைக்கு மேல வர்ற லாபை எடுக்கணும், அங்கேருந்தே எதிராளி கால்ல விழுற மாதிரி அடிக்கணும். அப்பல்லாம் ஒரு கேமுக்கு 29 பாயிண்ட், இப்ப 35. சொன்னா பெருமை பீத்திக்கிற மாதிரி இருக்கும், ஆனா எங்க அஞ்சு பேருக்குள்ள யாரும் வாயைத் தொறந்து "என்னுது"ன்னு கத்த வேண்டியதில்ல, பந்து யாருக்குன்னு கால் சத்தத்துலயே தெரிஞ்சிரும். டீம்ல ரிசர்வு எல்லாம் சேத்து பத்துப் பேரு போவோம், இருந்தாலும் அந்த அஞ்சு அஞ்சுதான்.

அப்புறம் என்ன, கல்யாணம். ரைட் பேக் மொதல்ல போனா, பம்பாய்க்கு. சென்டர்காரி மாமியார் வீடு ஆத்துக்கு அக்கரையிலதான், கூப்பிடு தூரம், ஆனா பம்பாயை விட தூரமாயிருச்சு. விளையாட்டு கோட்டாவுல ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனேன், எந்த ஆபீஸுன்னு வேண்டாம், சர்ட்டிஃபிகேட்டை எல்லாம் புரட்டிப் பாத்துட்டு "கல்யாணம் ஆயிட்டா ஆட மாட்டீங்களேம்மா"ன்னு ரொம்ப மரியாதையாதான் சொன்னாரு. எனக்குக் கோவம் வந்ததே பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான்.

85ல கல்யாணம், ரெண்டு புள்ளைங்க, பி.டி. டீச்சர் வேலை. எட்டு வருஷம் நான் ஆடலங்க. எல்லாரும் நெனக்கிறாங்க பொம்பளைங்க ஒடம்பு தளந்து போயி ஆட்டத்தை விட்டுட்டாங்கன்னு. எனக்கு 31 வயசு, நடவு நட்டுட்டு வந்தாலும் ஓட முடியும், ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு பேரு வேணும், அதுதான் சிக்கல். டெல்டாவுல அஞ்சு பொம்பளைங்க ஒரே நேரத்துல கை சும்மா இருக்கிற ஒரு மணி நேரத்தைக் காட்டுங்க பாப்போம். காலையில மாடு, சமையல், ஸ்கூலு. சாயந்தரம் தண்ணி, வெளக்கு, மறுபடி சமையல். ஒருத்திக்குக் கெடைக்கும், ரெண்டு பேருக்குக் கெடைக்கும், அஞ்சாவது ஆளு கெடைக்க மாட்டா. ஆம்பளைங்களுக்கு சாயங்காலம் அஞ்சு மணின்னா அஞ்சு மணி, டீக்கடையிலேருந்தே ஆளைப் புடிச்சிக்கிட்டு வந்துருவாங்க.

93ல நான் ஒரு காரியம் பண்ணேன். ஸ்கூல்ல எங்கிட்ட படிச்ச பொண்ணுங்க நாலு பேரு, அஞ்சாவதா நான். டீச்சரம்மா புள்ளைங்களோட குதிக்கிறாங்கன்னு பேசுனாங்க, பேசட்டும். அந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆக ஆக அடுத்த செட்டு. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல ஓடிருச்சு, நாலு பேரும் மாறிக்கிட்டே இருந்தாங்க, நான் மட்டும் அங்கேயே நின்னேன். அங்கேயேன்னா அதே எடத்துல இல்ல. 47 வயசுல மொழங்கால் மக்கர் பண்ணுச்சு, பேக்லேருந்து சென்டருக்கு வந்தேன். இப்ப 63, ஃப்ரண்ட்ல நிக்கிறேன். வலையோரம் நிக்க ஓட்டம் கம்மி, ஆனா கண்ணும் மணிக்கட்டும் வேணும், டிராப்பை வெரல் கனத்துல வலையைத் தாண்டி வெச்சா எதிர்ல உள்ள இருபது வயசுக்காரி குப்புற விழுவா. அதுல ஒரு சின்ன சந்தோஷம் இருக்குங்க, மறைக்கலை.

2016ல பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன், டெக்சாஸ். அங்க ராக்கெட்பால்னு ஒண்ணு ஆடுறாங்க, பேரைக் கேட்டதும் தீபாவளி ராக்கெட்டுதான் ஞாபகம் வந்துச்சு. 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம், நாலு பக்கமும் செவரு, கூரையிலயும் அடிக்கலாம், பத்தாயத்துக்குள்ள எறங்கி மூடியைச் சாத்துன மாதிரி இருக்கு. பந்து நம்ம பந்து சைஸ்தான், ஆனா ரப்பரு, 40 கிராம், துள்ளுற துள்ளலுக்கு செவரு அதிருது. கண்ணுக்குக் கண்ணாடி, பேட்டைக் கையோட கட்டிக்கக் கயிறு. 1950ல ஜோ சோபெக்குன்னு ஒரு டென்னிஸ்காரர் கனெக்டிகட்ல கண்டுபிடிச்சாராம், நம்ம ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் இளசு.

எங்கூட ஆடுனவங்களுக்கு 74 வயசு. அந்த ஆட்டத்துல பந்து ஒரு தடவை தரையில குத்துனப்புறமும் அடிக்கலாம், நமக்கு அது பழக்கமே இல்லையே, தரையில பட விட்டா உயிர் போன மாதிரி, நான் எல்லாத்தையும் காத்துலயே வாங்கி அடிச்சேன். ரூல்ல அதுக்கும் எடம் இருக்கு. அந்தம்மா மொதல் கேம்ல மெரண்டுட்டாங்க, அடுத்த ரெண்டுலயும் செவத்து மூலையில அடிச்சு அடிச்சு என்னைப் பம்பரமாக்கிட்டாங்க. அங்க அஞ்சஞ்சு வயசா பிரிச்சுப் போட்டி வைக்கிறாங்க, எண்பதைத் தாண்டியும் பிரிவு இருக்கு. அவங்க ஊர்க்காரங்கதான் பெக்கி ஸ்டெடிங், முப்பது வயசுக்கு மேல அந்த ஆட்டத்துக்கு வந்து 1970கள்ல தேசிய சாம்பியனே ஆயிட்டாங்க.

பிளேன்ல திரும்பி வர்றப்போ யோசிச்சேன். அவங்க ஒண்ணும் நம்மள விட தெம்பானவங்க இல்ல. அந்த ஆட்டத்துக்கு ரெண்டு பேரு போதும், கூரை இருக்கு, மழையும் வெயிலும் பாக்க வேண்டாம், தோழி ஒருத்தி போன் பண்ணா ஆட்டம். நமக்கு அஞ்சு பேரும் வேணும், பனி இல்லாத காலையும் வேணும், பனியில கம்பளி நனைஞ்சா எல்லாம் ஈயக்குண்டு. டபுள்ஸ் ஆடலாமேன்னு கேப்பீங்க. ஆடலாம். ஆனா இந்த வயசுல ரெண்டு பேரு அவ்ளோ பெரிய கோர்ட்டை ஓடி மெழுக முடியுமா?

அதனால இப்ப வேற வழி பண்ணியிருக்கேன். போன வருஷத்துலேருந்து ஸ்கூலு புள்ளைங்களை எதிர்ப்பக்கம் நிறுத்திட்டு, இந்தப் பக்கம் பழைய ஆளுங்களைச் சேத்துக்கிட்டு இருக்கேன். சென்டர்காரி வந்துட்டா, மாமியாரும் போயிட்டாங்க, வீட்டுக்காரரும் ரிட்டயர்டு, இப்ப அவரு டீ போட்டுக்கறாரு. நாலு பேரு ஆயாச்சு. அஞ்சாவதா வர்றது எங்கிட்ட 93ல ஆடுன பொண்ணு, அவளுக்கே பேரன் பொறந்தாச்சு. நேத்து போன் பண்ணி, "டீச்சர், பசு கன்னு போட்டிருக்கு, பால் கறந்துட்டுத்தான் வர முடியும்"னா. சரிடின்னு நாளைக்கு அஞ்சரை ஆட்டத்தை ஆறரைக்குத் தள்ளி வெச்சிருக்கேன். அதுக்குள்ள பனியும் விலகிரும்.