பிக் சர் மாரத்தான்: எல்லாரும் தப்பான மேட்டுக்குப் பயப்படுகிறார்கள்

வணக்கம் மக்களே. நேற்று பிக் சர் மாரத்தான் ஓடி முடித்தேன். இன்று மாடிப்படி ஏறுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, இறங்கும்போதுதான் தொடை கத்துகிறது. இந்தப் பாதையின் குணமே அதுதான். மேட்டைப் பற்றி ஆளாளுக்கு எச்சரிப்பார்கள். இறக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கார்மல் என்று ஒரு கடலோர ஊர். அதற்கும் தெற்கே பிக் சர் என்ற மலைக்கரைப் பகுதியில் பசிபிக் கடலையும் மலையையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு போகிறது ஹைவே 1. சிறைக் கைதிகளையும் வேலைக்கு வைத்து, மலையை வெடி வைத்துத் தகர்த்துப் போட்ட சாலை அது. 1937-இல்தான் முழுசாகத் திறந்தார்கள். அந்தச் சாலையில் 'பிக் சர் 26 மைல்' என்று ஒரு பலகை. பில் பர்லி என்பவர் அதைப் பார்த்துவிட்டு, அட, இது மாரத்தான் தூரம் ஆயிற்றே என்று யோசித்தார். 1986-இல் முதல் ஓட்டம் நடந்தது. இப்போது ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு என்றால் பிக் சர்தான்.

பாதை ஒரே திசைதான், பிக் சரிலிருந்து வடக்கே கார்மல் வரை. அதனால் விடியற்காலை நான்கு மணி வாக்கிலேயே பஸ்ஸில் ஏற்றி, நாம் ஓடி வரவேண்டிய அதே சாலையில் தெற்கே கொண்டுபோய் விடுகிறார்கள். வெளியே கும்மிருட்டு, ஒன்றும் தெரியாது. ஆனால் பஸ் உறுமி உறுமி ஏறுவதும், வளைவில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்வதும் தெரியும். நடுவில் ஒரு ஏற்றம் முடியவே மாட்டேன் என்கிறது. பேசிக்கொண்டு வந்தவர்கள் அங்கே கப்சிப். இறங்கிய இடத்தில் நல்ல குளிர். பழைய ஸ்வெட்டர், குப்பைப் பை, ஹோட்டல் ஷவர் கேப் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தூக்கிப் போடலாம் என்ற துணியோடு போங்கள்.

முதல் ஐந்து மைல் ரெட்வுட் காடு. வானுயர்ந்த மரங்கள், காற்றே இல்லை, சாலை மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. கால் தானாகப் போகும். இங்கேதான் மக்களே பிரேக் போடவேண்டும். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. தசைக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. மூச்சு வாங்காது என்பதால் அப்போது ஒன்றும் தெரியாது, அதற்கான விலையைக் கொடுப்பது இருபதாவது மைலுக்கு அப்புறம். நான் என் வழக்கமான வேகத்தைவிட மெதுவாகப் போனேன். பாட்டியிலிருந்து பேரன் வரை என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்ட்ரூ மொலேரா பூங்கா தாண்டியதும் காடு சட்டென்று முடிந்து வெட்டவெளி. ஒரு பக்கம் மேய்ச்சல் நிலம், மாடுகள். இடது பக்கம் கடலுக்குள் தனியாக நிற்கும் பாறை, அதன்மேல் 1889-இலிருந்து இருக்கும் பாயிண்ட் சர் கலங்கரை விளக்கம். கூடவே வருகிறது எதிர்க்காற்று. வசந்த காலத்தில் இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்துதான், நாம் ஓடுவதோ வடக்கே. நேற்று என் நெஞ்சில் குத்தியிருந்த பிப் (ஓட்ட எண் அட்டை) படபடவென்று அடித்து, ஒரு முனையில் ஊக்குக் குத்திய ஓட்டை கிழிந்தே போனது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். இங்கே வாட்ச் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அகலமான ஆசாமி ஒருவர் முன்னால் போனால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்து நீங்கள் முன்னால் போங்கள். கேட்டுச் செய்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பத்தாவது மைலில் லிட்டில் சர் ஆற்றுப் பாலம். அங்கே ஜப்பானிய டைக்கோ முரசுகளை வைத்து அடிக்கிறார்கள். கண்ணில் படும் முன்பே வயிற்றில் அதிர்வு கேட்கிறது. தலையைத் தூக்கினால் எதிரே ஹரிகேன் பாயிண்ட். இரண்டு மைலில் ஏறக்குறைய 500 அடி ஏற்றம். வளைவு வளைவாக, எறும்பு வரிசை மாதிரி ஆட்கள் மேலே போய்க்கொண்டிருப்பது கீழேயிருந்தே தெரியும். பெயருக்கு ஏற்ற காற்று உச்சியில். ஆனால் பயப்படாதீர்கள். ஏற்றம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்ட மேடு பாதி மேடுதான். அடியைச் சின்னதாக்கி, மூச்சை மட்டும் கவனித்து ஏறினேன். நடந்து ஏறியவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் ஒரு நீள இறக்கம், அது போய் முடியும் இடம் பிக்ஸ்பி பாலம். சரியாகப் பாதித் தூரம், 13.1 மைல். 1932-இல் திறந்த கான்கிரீட் வளைவுப் பாலம், கீழே 260 அடிக்கு மேல் பள்ளம். மற்ற நாள்களில் செல்ஃபி கூட்டமும் கார் நெரிசலுமாக நிற்கவே இடம் இருக்காது. நேற்று ஒரு வண்டி கிடையாது. பாலத்தைத் தாண்டியதும் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் பெரிய கிராண்ட் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நானும்தான். நேரம் போனால் போகிறது.

இனிமேல்தான் கதை. பிக்ஸ்பியோடு அழகும் கஷ்டமும் முடிந்தது என்று நினைப்பவர்கள் கார்மல் ஹைலேண்ட்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். 21-இலிருந்து 25 மைல் வரை சின்னச் சின்ன மேடு பள்ளம், ஒன்று முடிந்தால் இன்னொன்று. வரைபடத்தில் பார்த்தால் ஹரிகேன் பாயிண்டுக்குப் பக்கத்தில் அவை வெறும் சுருக்கங்கள். போதாக்குறைக்கு வளைவுகளில் சாலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று ஓடினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் மட்டமோ அந்தப் பக்கம் மாறிக்கொண்டே இருங்கள். இந்த இடத்தில் வாலண்டியர்கள் தட்டு நிறைய ஸ்ட்ராபெர்ரி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வழியெல்லாம் தெம்புக்காக அத்தனை இனிப்பு ஜெல்லை விழுங்கிய வாய்க்கு அந்தப் புளிப்பு என்ன ருசி! இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டேன், விரலெல்லாம் சிவப்பு. 25-ஆவது மைலிலும் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி நான் மரியாதையாகப் பேச முடியாது. அதைத் தாண்டினால் கார்மல், கழுத்தில் சுடுமண்ணில் செய்த பதக்கம். கீழே போட்டால் உடைந்துவிடும், ஜாக்கிரதை.

ஓடி முடிக்கக் கொடுக்கும் மொத்த நேரம் ஆறு மணி நேரம்தான். அங்கே இருப்பது ஒரே சாலை, அதை வண்டிகளுக்குத் திறந்தாக வேண்டும். புல் மாரத்தான் வேண்டாம் என்பவர்களுக்கு 21 மைல் ஓட்டம் இருக்கிறது. மொலேராவில் தொடங்குவதால் ரெட்வுட் காடு கிடைக்காது, ஆனால் ஹரிகேனும் பிக்ஸ்பியும் உண்டு. இன்னொன்று, இந்த மலை அவ்வப்போது சரியும். 2024 மார்ச் கடைசியில் ராக்கி க்ரீக் பாலத்துக்குப் பக்கத்தில் சாலையில் ஒரு துண்டு கடலுக்குப் போய்விட்டது. அந்த வருடம் ஓடியவர்களுக்கு பிக்ஸ்பி கிடையாது, பாதையையே மாற்றிவிட்டார்கள்.

இடம் குலுக்கலில்தான் கிடைக்கும். உங்கள் பெயர் வந்தால் முதலில் கார்மலுக்குப் பக்கத்து ஊரான மான்டரேயில் அறை போடுங்கள், அந்த வார இறுதி வாடகை கண்டபடி ஏறிவிடுகிறது. ஷூவெல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.