காய்கிற ஊர்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் தூத்துக்குடியில் சாயங்காலம் வானம் கறுத்தால் தெருவில் ரெண்டு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒருவர் முகம் மலரும், இன்னொருவர் முகம் சுருங்கும். மலர்கிறவர் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல்லோ வாழையோ போட்டிருப்பவர், ஏதோ சோலியாக டவுனுக்கு வந்திருப்பார். சுருங்குகிறவர் உள்ளூர்க்காரர்.

நான் அந்த இரண்டாவது ஆள். 34 வருடம் உப்பளத்தில் கணக்கு எழுதியவன். இன்றைக்கு வானொலியில் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உப்பு, கருவாடு, மக்ரூன் என்கிற இனிப்பு, பனிமய மாதா கோயில் திருவிழா என்று நாலு விஷயம் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த நாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். நாலுக்கும் காய்ச்சல் வேண்டும். மாத்திரை போடுகிற காய்ச்சலைச் சொல்லவில்லை. நெல்லுக்குக் காய்ச்சல் போதுமா என்று கேட்போமே, அந்தக் காய்ச்சல்.

ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்றதும் நீங்கள் துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு கிளம்புவீர்கள். அதே காற்று தன்னிடம் இருக்கும் தண்ணீரையெல்லாம் மலையில் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே வருகிறது. எங்களிடம் வந்து சேரும்போது அதில் ஈரம் கிடையாது, வேகம்தான் இருக்கும். கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். எங்கள் வீட்டில் மேல்காத்து. வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வேட்டி முறுகிவிடும். உங்களை நனைத்த காற்றுதான் எங்கள் உப்பைக் காயவைக்கிறது. இதை நான் யாரிடம் பேசினாலும் சொல்லிவிடுவேன், என் மருமகன் பலமுறை கேட்டுச் சலித்துவிட்டார்.

சரி, உப்பு. இந்தியாவில் உப்பு விளைவதில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து உப்பு. தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சமன்படுத்தித் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் வேலை. அப்புறம் வடகிழக்கு மழை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அளத்து ஆட்களுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஊருக்கெல்லாம் தீபாவளி வருகிற நேரத்தில் அவர்கள் வீட்டில் பணம் இருக்காது.

வெயில் அடித்தால் கடல் தண்ணீர் உப்பாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்துத்தான் 1981இல் வேலைக்குப் போனேன். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரியில் இருக்கும். இது சூட்டைச் சொல்கிற டிகிரி இல்லை, தண்ணீரின் கனத்தைச் சொல்கிற டிகிரி. ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு பூக்கத் தொடங்கும். 29ஐத் தாண்டவிட்டால் கசப்பு இறங்கிவிடும், அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிட வேண்டும். மொத்த உப்பும் இந்த 25க்கும் 29க்கும் இடையில்.

எனக்கு அதை அளக்க ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்திருந்தார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் எண்ணைக் காட்டும். வயது 22. கையில் அந்தக் குழாய் இருந்ததால் நான்தான் அளத்துக்கே டாக்டர் என்று நினைப்பு. அங்கே வேலை பார்த்த ஒரு அம்மாவை எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். காலை மூன்றரை மணிக்கெல்லாம் அளத்துக்கு வந்துவிடுவார். வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் மேல் பட்டுக் கண் கூசும், அதற்குள் பாதி வேலையை முடித்தாக வேண்டும். ஒரு நாள் நான் குழாயோடு போனபோது, "அதைப் பைக்குள்ள வையும் தம்பி" என்றார். குனிந்து பாத்தித் தண்ணீரைக் கொஞ்சம் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். "நாளைக்குக் காலையில பூக்கும்" என்றார். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. குழாயைப் போட்டுப் பார்த்தேன். 24. மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பாத்தி ஓரத்தில் பச்சரிசியைத் தூவிய மாதிரி பூத்திருக்கிறது. அப்புறம் ஒரு மாதம் வம்புக்காகவே அவரைச் சோதித்தேன். தண்ணீர் லேசாகச் சிவந்தால் ஒரு கணக்கு, விரலில் எண்ணெய் மாதிரி வழுக்கினால் இன்னொரு கணக்கு, நாக்கில் வைத்துத் துப்பினால் வேறொரு கணக்கு. ஒரே ஒரு தடவைதான் தவறினார். அன்றைக்கு என் குழாயில்தான் கீறல் இருந்தது என்று பிறகு தெரிந்தது! அதன்பிறகு நான் குழாயில் பார்ப்பதைவிட அவர் முகத்தில் பார்த்து எழுதிய எண்தான் அதிகம். முதலாளிக்குத் தெரியாது. இப்போது தெரிந்தாலும் பாதகமில்லை, ஓய்வூதியம் என்று ஒன்று இருந்தால்தானே நிறுத்துவதற்கு.

அந்தப் பெரியக்காதான் ஒரு பங்குனி மாதத்து ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் அனுப்பினார். மழை வரப்போகிறது, உப்பு அம்பாரத்தை மூட வேண்டும். வெளியே வந்து பார்த்தால் வானம் நிறைய நட்சத்திரம். திட்டிக்கொண்டேதான் சைக்கிளை எடுத்தேன். போய்ச் சேர்வதற்குள் காற்று கிழக்கே திரும்பிவிட்டது. ஆணும் பெண்ணுமாக இருபது பேர், இருட்டில் உப்புக் குவியல்மேல் பனையோலையைப் பரப்பிக் கல்லை வைத்து அழுத்துகிறோம். முக்கால் குவியல் மூடுவதற்குள் பிடித்துக்கொண்டது. அரைமணி நேர மழைதான். குவியல் தப்பித்தது, பாத்திகள் போய்விட்டன. 25க்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பவும் கீழே. பல நாள் வெயில் வீண். அன்று பெய்த மழையைப் பற்றி மறுநாள் வந்த என் அத்தை மகன், "நல்ல மழை, மனசு குளுந்துபோச்சு" என்றான். அவனுக்கு ஏரலில் வாழை. நான் பதில் சொல்லவில்லை, காப்பியைக் கொடுத்தேன்.

கருவாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நேரம் ஓடுகிறது. திரேஸ்புரம் பக்கம் நடந்தால் மூக்கே சொல்லும். நெத்திலி, சாளை எல்லாம் மணலில், வலையில், பாயில் விரித்துக் கிடக்கும். சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டை மாதிரி காயவைத்தால் மாசி. அதை இடித்துச் சம்பல் வைத்தால் சோறு எத்தனை தடவை போட்டாலும் போதாது. அங்கேயும் ஒரு தூறல் போதும், ஓடி ஓடி அள்ள வேண்டும். ஈரம் பட்ட கருவாடு புழு வைத்துவிடும்.

இப்போது மக்ரூன். இதற்காகத்தான் நான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மூன்றே பொருள். கடலோரத்துக்குப் போர்ச்சுகீசியர் வந்த வழியில் இந்தப் பண்டமும் வந்தது என்பார்கள். அவர்கள் ஊரில் பாதாம் போட்டதற்குப் பதில் இங்கே முந்திரி. வெள்ளைக்கருவை நுரைபொங்க அடித்து, முந்திரித்தூளைச் சேர்த்து, கோபுரம் கோபுரமாகத் தட்டில் பிழிந்து அடுப்பில் வைப்பார்கள். விறகு அடுப்பு. எரிந்து தணிந்த பிறகு, மிச்சமிருக்கிற சூட்டில் நிதானமாகக் காய வேண்டும். கவனியுங்கள், வேக வேண்டும் என்று சொல்லவில்லை, காய வேண்டும். உப்பு மாதிரியேதான். அவசரப்பட்டால் மேலே சிவந்து உள்ளே பிசுபிசுக்கும். சரியாகக் காய்ந்ததை நாக்கில் வைத்தால் பல்லுக்கு வேலையே இல்லை.

என் மகளுக்குச் சென்னையில் சம்பந்தம் பேசப் போனபோது, ரெண்டு கிலோ மக்ரூனை டின்னில் வாங்கிக்கொண்டு ரயிலேறினோம். கார்த்திகை மாதம். கடைக்காரரே சொன்னார், "அண்ணாச்சி, இந்த மாசம் வேண்டாம், அல்வா வாங்கிட்டுப் போங்க". அல்வா திருநெல்வேலிக்காரன் வாங்கட்டும் என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். விழுப்புரம் தாண்டியதும் மழை. என் வீட்டுக்காரி ஒன்றே ஒன்று எடுக்கிறேன் என்று டின்னைத் திறந்தாள், சரியாக மூடவில்லை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் தட்டில் கவிழ்த்தால், கோபுரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு உருண்டையாக விழுகிறது. அவர்கள் நல்லவர்கள். கரண்டியால் வெட்டி எடுத்துச் சாப்பிட்டார்கள். இது எந்த ஊர்ப் புட்டு என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டதுதான் எனக்கு இன்னும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி ரெண்டு விரலைக் காட்டுகிறார். ரெண்டு நிமிடம். திருவிழாவை இதற்குள் முடிக்க வேண்டுமா? சரி.

ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. பெயரைப் பாருங்கள், பனிமய மாதா. ரோமாபுரியில் ஒரு ஆகஸ்டில் பனி பெய்தது என்பது அந்தக் கதை. எங்கள் ஊர் ஆகஸ்டில் பெய்வது புழுதிதான். அந்தக் கச்சான் காற்றில், மழை பயம் இல்லாத அந்த நாட்களில்தான் கடற்கரைச் சாலை முழுக்கக் கடை போட முடிகிறது. எல்லாச் சாதி, எல்லா மதத்து ஆட்களும் குடும்பத்தோடு வருவார்கள். தங்கத்தேர் முதலில் ஓடியது 1806இல். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

2023 டிசம்பரில் வந்த மழையைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்களுக்கு ஒரு வருடம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது. அளங்களில் உப்புக் குவியல்கள் கரைந்து ஓடின. பெரியக்கா இப்போது இல்லை. அன்றைக்கு யாரும் என் கதவைத் தட்டவில்லை.

ஒரு விரல் காட்டிவிட்டார். நேயர்களே, மக்ரூன் வாங்குவதாக இருந்தால் வைகாசி, ஆனியில் வாங்குங்கள். டின்னை வழியில் திறக்க விடாதீர்கள். வணக்கம்.